இருக்கலாம் என்று தெரிந்த பிறகு

ஐப்பசி 6
தம்பி பெண்டாட்டிக்கு இடது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்குகிறவள். சட்டத்தை முழங்கையால் அமுக்கிக்கொண்டு, ஒற்றைக் கையால் குச்சியை நிரவிக்கொண்டிருந்தாள். எண்ணிக்கைக்குத்தான் கூலி. “குழாயடியில வழுக்கிட்டு மதினி” என்றாள். நேற்று எங்கள் தெருவில் தண்ணீர் விடுகிற நாளே இல்லை.

அடித்தது என் கூடப் பிறந்தவன்.

ஐப்பசி 10
“பிள்ளைய வச்சுக்கிட்டு எங்க போவா? அனுசரிச்சுப் போகட்டும்” என்கிறாள் அம்மா. “விட்டுட்டு வரச் சொல்லு” என்கிறாள் சித்தி. அவளிடம் யாரும் கேட்கவில்லை.

கரிசலில் பல சாதிகளில் அறுத்துக் கட்டுகிற வழக்கம் இருந்தது. பிடிக்காத புருஷனைத் தீர்த்துவிட்டு இன்னொருவனைக் கட்டிக்கொண்ட கிழவிகளை நானே பார்த்திருக்கிறேன். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டமும், 29ஆம் பிரிவில், வழக்கப்படியான மணமுறிவை ஏற்கத்தான் செய்கிறது. நாலெழுத்துப் படித்ததும் அதைக் கேவலமென்று ஒதுக்கியது நாம்தான்.

ஐப்பசி 17
மழை. அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 181க்குப் பேசினேன். பெண்களுக்கான உதவி எண். “வீடு அத்தை பேர்ல இருக்கே, என்னைய வெளிய போன்னா?” இதைத்தான் அவள் முதலில் கேட்டாள். அடியைப் பற்றி அப்புறம்தான்.

2005இல் வந்த குடும்ப வன்முறைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, வீடு யார் பேரில் இருந்தாலும் மனைவி அங்கே குடியிருக்கலாம் என்கிறது. மாமனார், மாமியார் பேரிலுள்ள வீட்டுக்கும் இது பொருந்தும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தேவைப்பட்டால் அடிக்கிறவனை வெளியேற்றவும் மாஜிஸ்திரேட்டால் முடியும். இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

ஐப்பசி 23
ஒரு பெண் கிளம்பப் போகிறாள் என்று தெரிகிற நேரத்தில்தான் கை ஓங்குகிறவன் மூர்க்கமாகிறான். அதனால் சத்தமில்லாமல் நடக்கிறது. ஆதார், ரேஷன் கார்டு நகல், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாகத் தூக்குவாளிப் பையில் என் வீட்டுக்கு வருகின்றன.

ஐப்பசி 28
எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி. அந்தச் சட்டப்படியான பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க ஒரு நாள் கூலி போயிற்று. எங்கள் கோவில்பட்டி மாதிரி ஊருக்கே ஒருவர் இருக்க வேண்டாமா? கோபமாக வருகிறது.

“அவுகள ஜெயில்ல போட்டுருவாகளா?” என்று பயந்தாள். முதலில் கிடைப்பது பாதுகாப்பு உத்தரவுதான், அதை மீறினால்தான் ஓராண்டு வரை சிறை என்று அலுவலர் விளக்கினார். அதன் பிறகு வாய் திறந்தாள். கல்யாணமான மூன்றாம் மாசத்திலிருந்து சொன்னாள். அலுவலர் எழுத எழுத, இத்தனை வருஷமாக அந்த வீட்டிலிருந்து பொங்கல் படி வாங்கிவந்த நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கார்த்திகை 14
இடைக்கால உத்தரவு கிடைத்தது. ஆனால் அவள் அந்த வீட்டில் இருக்கவில்லை. ஆபீஸ் பக்கம் வாடகைக்கு ஓர் அறை பார்த்துவிட்டாள். இருக்கலாம், யாரும் துரத்த முடியாது என்று தெரிந்த பிறகுதான் அவளால் போக முடிந்திருக்கிறது. வாடகையை அவன் தர வேண்டுமென்று கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு, மனுவில் சேர்த்திருக்கிறோம்.

அம்மா என்னோடு பேசுவதில்லை.

மார்கழி 9
வாசலில் பைக் நின்றால் இன்னும் அவள் பேச்சு நின்றுவிடுகிறது. கூலிக் காசை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கிறாள், எடுக்க ஆளில்லாத வீட்டில். மனநல ஆலோசகரிடம் போய்வருகிறாள். ஆறுவதற்கு நாளாகும், யாரும் அவளை அவசரப்படுத்தக் கூடாது.

இன்று சாப்பிடும்போது, “எனக்குச் சுண்டவத்தக் குழம்பு பிடிக்காது மதினி” என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து ‘பிடிக்காது’ என்று நான் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தது. ரசம் வைத்துக் கொடுத்தேன்.

தை 5
வாய்தா. அறுபது நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். இழுக்கும் போலத்தான் தெரிகிறது. கோர்ட்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “உங்க தம்பிக்கு எதிரா சாட்சி சொல்லுவீகளா மதினி?” என்றாள்.

சொல்லுவேன் என்றேன். வக்கீலிடம் என் பெயரை எழுதிக் கொடுத்தாயிற்று.