பிரஷர் மாத்திரையும் பக்கவாதமும்

காலை ஆறு மணிக்குச் சென்னை மெரினாவிலோ மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவிலோ வேகவேகமாக நடக்கும் பெரியவர்களைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அவர்களில் எத்தனை பேர் பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்கள்? நடை நல்லதுதான், மாத்திரைக்குப் பதில் ஆகாது.

பக்கவாதம் கை கால் சம்பந்தப்பட்ட நோய் என்று நினைப்பவர்கள் இன்னும் உண்டு. அடிபடுவது மூளை. அதற்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொள்கிறது, அல்லது வெடித்துவிடுகிறது. இரண்டுக்கும் முதல் காரணம் உயர் ரத்த அழுத்தம். சர்க்கரை, சிகரெட், கொழுப்பு எல்லாம் அதற்கு அடுத்துதான். (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடித்தாலும் ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு. இதை ஒரு ஈசிஜி காட்டிக்கொடுத்துவிடும். பலர் அதைக்கூட எடுப்பதில்லை!)

"வயசானா பிரஷர் கொஞ்சம் கூடத்தான் இருக்கும்" என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள். ஒரு காலத்தில் வயதோடு நூறைக் கூட்டிக்கொள் என்று டாக்டர்களே சொன்னதுண்டு. அதாவது 65 வயதுக்காரருக்கு 165 வரை பரவாயில்லை! இந்தக் கணக்கு தப்பு என்று காட்டியது 1991-ல் அமெரிக்காவில் வெளியான 'ஷெப்' ஆய்வு. 60 வயதுக்கு மேற்பட்ட 4,736 பேர், மேல் அளவு மட்டும் 160-ஐத் தொட்டவர்கள் அல்லது தாண்டியவர்கள். விலை குறைந்த ஒரு சாதாரண மாத்திரையில் ஆரம்பித்துத்தான் சிகிச்சை கொடுத்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட அவர்களுக்குப் பக்கவாதம் 36 சதவீதம் குறைந்தது.

பிரஷர் வலிக்காது, அதுதான் தொல்லை. மூன்று மாதம் மாத்திரை போட்டதும் அளவு 130-க்கு வரும். "சரியாயிடுச்சே, இனி எதுக்கு?" என்று நிறுத்திவிடுவார்கள். அந்த 130-ஐக் கொண்டுவந்ததே மாத்திரைதானே! பிள்ளைகள் வெளிநாட்டில், வயதானவர்கள் மூன்றாம் மாடியில் என்றால் மருந்துக்கடைக்கு இறங்குவதுகூடப் பெரிய வேலை. இவர்களைப் போன்றோருக்காகவே 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தது.

அடுத்தது உப்பு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். சாம்பார், ரசத்திலேயே பாதி போய்விடும். அப்புறம் அப்பளம், மோர்மிளகாய், வடுமாங்காய்... எழுபது வயதில் தயிர்சாதத்துக்கு வடுமாங்காய் கூடாது என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? வாரத்துக்கு இரண்டு நாள் என்று பேரம் பேசிப் பார்க்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் வந்துவிட்டால்? வாய் கோணுகிறது, ஒரு கை தூக்கினால் தொங்குகிறது, பேச்சு குழறுகிறது. இதில் ஒன்று போதும், உடனே 108. "கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்று விட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், அதற்கும் முன்னால் ஸ்கேன் எடுக்க வேண்டும். வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கக் கூடாது, ரத்தக்கசிவாக இருந்தால் அது விபரீதம். தண்ணீரும் வேண்டாம், புரையேறும். பத்து நிமிடத்தில் தானாகச் சரியானாலும் அன்றே போய்க் காட்ட வேண்டும், ஏனென்றால் பெரிய அடைப்பு பல சமயம் அடுத்த சில நாட்களிலேயே வருகிறது. ஆஸ்பத்திரியில் முதலில் கேட்பது, கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதைத்தான். தனியாக இருக்கும் பெரியவர் விஷயத்தில் இதற்குப் பதில் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் பக்கத்து ஃபிளாட்காரர்தான்.