வாசலில் ஒரு பெட்டி

வீடு கட்டுவதற்கு அனுமதி எடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். இடிந்த வீட்டின் கல்லையும் மண்ணையும் அள்ளுவதற்காக வாசலில் ஒரு பெட்டியை நிறுத்தவும் அனுமதி வேண்டும் என்பது, சென்ற ஆகஸ்ட் விடுமுறையில் காங்கேசன்துறைக்குப் போனபோதுதான் எங்கள் குடும்பத்துக்குத் தெரிந்தது.

எங்கள் அப்பா, அதாவது வாப்பாவின் வாப்பா, காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1950இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்தத் தொழிற்சாலைதான் இலங்கையின் முதல் சீமெந்துத் தொழிற்சாலை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, தொழிற்சாலைக்கு அருகிலேயே ஒரு துண்டுக் காணி வாங்கி வீடு கட்டினார். 1990 ஜூனில் சண்டை மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்களோடு சேர்ந்து அவர்களும் இடம்பெயர்ந்து, சோனகத் தெருவில் உறவினர் வீட்டில் தங்கினார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டார்கள். வடக்கிலிருந்து அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். ஐந்து மாதத்துக்குள் இரண்டு தடவை வீடு இழந்த எங்கள் குடும்பம் புத்தளத்துக்கு வந்து சேர்ந்தது. அப்போது வாப்பாவுக்குப் பன்னிரண்டு வயது. நான் புத்தளத்தில் பிறந்தவள்.

2015இலிருந்து வலிகாமம் வடக்குக் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. எங்கள் ஒழுங்கையும் ஒருநாள் திறந்தது. ஆனால் அங்கே வீடு இல்லை. மூன்று சுவர்கள் நின்றன. கூரை உள்ளே விழுந்து கிடந்தது. மண்டபம் இருந்த இடத்தில் ஓர் ஆலமரம் வேர் விட்டிருந்தது. அந்த இடத்தில் சிறியதாக ஒரு வீடு கட்ட வேண்டும் என்பது வாப்பாவின் ஆசை. கட்டுவதற்கு முன் கிடப்பதை அள்ள வேண்டுமே!

வெளிநாட்டுப் படங்களில் வருவதுபோல் வாடகைக்கு விடும் பெரிய இரும்புத் தொட்டிகள் எங்கள் ஊர்ப்பக்கம் கிடையாது. உழவு இயந்திரத்தின் பெட்டிதான் எங்களுக்குத் தொட்டி. பெட்டியைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு, அது நிறைந்ததும் இயந்திரத்தைக் கொண்டுவந்து பூட்டி இழுத்துப் போவார்கள். எங்கள் படலை ஒடுக்கம், உள்ளே ஆலமரம். ஆகவே பெட்டியை ஒழுங்கையில்தான் விட வேண்டும். உழவு இயந்திரக்கார அண்ணா ஒழுங்கையைப் பார்த்ததும் சொன்னார்:

"மூண்டு நாள் பெட்டி இதில நிக்கோணும் எண்டால் சபையில ஒரு துண்டு எடுங்கோ. துண்டு இல்லாமல் நான் விடமாட்டன்."

வாப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ட காணி, என்ட கல்லு. எங்கள அனுப்பக்குள்ள ஆரும் கேக்கல்ல. இப்ப என்ட கல்ல அள்ள நான் ஆருட்ட கேக்கிற?" என்றார்.

பக்கத்து வளவு ஐயா நல்ல மனிதர். அவரும் இடம்பெயர்ந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பி வந்தவர். வாப்பாவுக்கு உதவி செய்யும் எண்ணத்தில் அவர் ஒரு வழி சொன்னார்: "உதுக்கு ஏன் தம்பி அலையிறீங்கள்? ராவோட ராவாக் கொண்டுபோய்ப் பழைய கல்லுக் கிடங்குக்குள்ள கொட்டிவிடலாம். இல்லாட்டி உந்தப் பாழ்கிணத்தைத் தூர்த்துவிடுங்கோ."

கல்லுக் கிடங்கு என்பது சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டிய குழி. நான் உயர்தரத்தில் புவியியல் படிக்கிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல் வெடிப்புகளுக்குள் இறங்கி நிலத்தடியில் தேங்குகிறது. அதைத்தான் ஆண்டு முழுவதும் கிணற்றிலிருந்து அள்ளுகிறோம். மணல் தண்ணீரை வடிகட்டும். வெடிப்பு வடிகட்டாது. ஓரிடத்தில் போட்ட அழுக்கு இன்னோரிடத்துக் கிணற்றில் வந்து நிற்கும். பத்து ஆண்டுகளுக்கு முன் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருக்கிறது என்ற செய்தி வந்தபோது எத்தனை ஊர்கள் பயந்தன என்பது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கல்லுக் கிடங்கும் பாழ்கிணறும் நிலத்தடி நீருக்குத் திறந்திருக்கும் வாசல்கள். எங்கள் இடிபாட்டில் வெறும் கல் மட்டும் இருக்கவில்லை. துருப்பிடித்த தகரம், பழைய வண்ணப்பூச்சு டின்கள், பொலித்தீன், குசினிக் கூரையின் அஸ்பெஸ்டோஸ் தகடு எல்லாம் கலந்து கிடந்தன.

இதை நான் சொல்லத் தொடங்கியபோது யாரும் பெரிதாகக் காது கொடுக்கவில்லை. வாப்பும்மாதான் முடிவைச் சொன்னார். அவருக்கு எழுபத்தெட்டு வயது. உடைந்த படிக்கல்லில் உட்கார்ந்தபடி வாப்பாவைப் பார்த்துக் கேட்டார்:

"புத்தளத்துல கொழும்புக் குப்பையக் கேக்காமக் கொண்டாராங்க எண்டு நீ ரோட்டுல நிண்ட தானே? இங்க நீ கேக்காமக் கொட்டப் போறியா?"

வாப்பா ஒன்றும் பேசவில்லை. கொழும்புக் குப்பையை அருவக்காட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்தை எதிர்த்து 2018இலும் 2019இலும் புத்தளமே வீதிக்கு இறங்கியது இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் பலருக்கும் தெரியும். 2017 ஏப்ரல் 14இல், புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கொழும்பின் குப்பைக்கு ஓர் இடம் தேவைப்பட்டது. தெரிவானது அருவக்காடு. அதுவும் சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டிய பூமிதான். புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை வடமேற்குக் கரையோரமாக ஓடுவது ஒரே மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல் பட்டை என்று வகுப்பில் படித்தபோது அது பரீட்சைக்குரிய ஒரு வரியாகத்தான் இருந்தது. வாப்பும்மாவின் கேள்விக்குப் பிறகுதான், நாங்கள் விட்டு வந்த ஊரும் வந்து சேர்ந்த ஊரும் ஒரே கல்லின் மேல் இருக்கின்றன என்பது எனக்கு உறைத்தது. எங்கள் தண்ணீருக்குப் பக்கத்தில் கொட்டும்போது எங்களைக் கேட்க வேண்டும் என்று சொன்னவர்கள், பிறர் தண்ணீருக்குப் பக்கத்தில் கொட்டும்போது பிறரைக் கேட்கத்தானே வேண்டும்?

மறுநாள் காலை வாப்பாவோடு நானும் போனேன். அங்கே கேட்ட முதல் கேள்வியே, "எந்த வீதி?" என்பதுதான். எல்லா வீதியும் ஒருவருக்குச் சொந்தமல்ல. பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. அடுத்தவை மாகாணத்தின் பொறுப்பு. உள் வீதிகளும் ஒழுங்கைகளும் பிரதேச சபையின் பொறுப்பு. எங்கள் ஒழுங்கை சபைக்குரியது. உறுதியின் பிரதி, கிராம உத்தியோகத்தரின் கடிதம், எத்தனை நாள், எத்தனை பெட்டி, எங்கே கொட்டப் போகிறீர்கள் என்ற விபரம் ஆகியவற்றோடு விண்ணப்பம் கொடுத்தோம்.

அரசறிவியல் பாடத்தில் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தைப் பற்றிப் படித்திருந்தேன். வீதிகளைத் துப்புரவாக வைத்திருப்பதும் குப்பையை அகற்றுவதும் சபையின் கடமை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. சேகரித்த குப்பை சபையின் சொத்து என்றும் அதே சட்டம் சொல்கிறது. குப்பைக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. யோசித்தால், சொந்தக்காரர் இல்லாத குப்பைதான் ஊரைக் கெடுக்கிறது.

இரண்டு நாட்களின் பின் ஓர் உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்து ஒழுங்கையை அளந்து பார்த்தார். பெட்டியை ஓரமாக நிறுத்தி ஒரு வாகனம் போக இடம் விட வேண்டும், இரவில் வெளிச்சம் கட்ட வேண்டும், கொண்டு போகும்போது படங்கால் மூட வேண்டும் என்றார். துப்புரவான கல்லையும் செங்கல்லையும் தனியாக்கினால் பள்ளமான பாதை ஒன்றை நிரப்பப் பயன்படுத்தலாம், தகரமும் பொலித்தீனும் அதில் கலக்கக் கூடாது என்றார். அஸ்பெஸ்டோஸ் தகட்டை உடைக்காமல், தண்ணீர் தெளித்து, முழுதாகக் கழற்றிச் சுற்றி வைக்கச் சொன்னார். அதன் தூசி சுவாசப்பையில் போய்த் தங்கிவிடும். அனுமதியின் ஒரு பிரதியைச் சாரதியிடம் கொடுக்கவும் சொன்னார். 1992ஆம் ஆண்டின் சுரங்க, கனியச் சட்டத்தின்படி கல், மண், மணல் கொண்டு செல்ல அனுமதிப்பத்திரம் வேண்டும். வீதியில் மறிப்பவருக்கு, பெட்டியில் இருப்பது தோண்டிய கல்லா இடிந்த கல்லா என்று பார்த்தவுடனே தெரியாது. வளவில் நின்ற பெண் பனைகள் இரண்டையும் காட்டி, "அதில கை வைக்கிறதெண்டால் பிரதேச செயலகத்தில வேற அனுமதி" என்றார். பலாவுக்கும் ஈரப்பலாவுக்கும் அப்படித்தானாம். எங்களுக்குப் பனையை வெட்டும் எண்ணமே இல்லை. சந்தேகமான இரும்பு எது தென்பட்டாலும் தொடாமல் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும் என்பதை அவர் சொல்லவே தேவையில்லை. அந்த மண்ணில் அது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பாடம்.

இலண்டனில் இருக்கும் சாச்சியிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். அங்கேயும் இதே கதைதானாம். "ஸ்கிப்" என்று சொல்லும் இரும்புத் தொட்டியைத் தன் வளவுக்குள் வைத்தால் கேள்வி இல்லை. வீதியில் வைத்தால் 1980ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும், இரவில் விளக்கு வேண்டும், தொட்டியில் சொந்தக்காரரின் பெயரும் தொலைபேசி இலக்கமோ முகவரியோ எழுதியிருக்க வேண்டும். வழியில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மத்ரஸாவில் சிறு வயதிலேயே படித்தவர்கள் நாங்கள். வழியில் ஒரு தொல்லையை வைப்பதற்கு முன் கேட்க வேண்டும் என்பது எங்களுக்குப் புதிய பாடம் அல்ல.

மூன்று நாளில் ஒன்பது பெட்டி போனது. ஓடுகளைத் தனியாக அடுக்கினோம். சீமெந்துக் கட்டிகளை உடைத்தபோது, "இது உங்கட அப்பா வேல செஞ்ச இடத்துச் சீமெந்து" என்று வாப்பும்மா ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். கல்லுக் கிடங்குக்குப் போக வழி சொன்ன ஐயாவே கடைசி நாள் தன் வீட்டுத் தும்புத்தடியைக் கொண்டுவந்து எங்களோடு ஒழுங்கையைக் கூட்டினார். பாழ்கிணறு தூர்க்கப்படவில்லை. அதை இறைத்துப் பார்க்க வேண்டும் என்று வாப்பாவும் அவரும் பேசிக்கொண்டார்கள்.

இந்தச் சஞ்சிகையை வாசிக்கும் உங்களில் பலருடைய உம்மா வாப்பாவும் யாழ்ப்பாணம், மன்னார், முல்லைத்தீவு என்று எங்கோ ஓரிடத்தில் ஓர் இடிந்த சுவரை வைத்திருப்பவர்கள். என்றாவது அதைத் துப்புரவாக்கப் போவீர்கள். அப்போது அலைச்சலாக இருக்கும், கோபமும் வரும். "என் காணிக்கு நான் ஏன் கேட்க வேண்டும்?" என்று மனம் சொல்லும். காணி எங்களுடையது. ஆனால் வாசலுக்கு வெளியே உள்ள பாதையும், காணிக்குக் கீழே ஓடும் தண்ணீரும் எல்லோருடையவை. இரவில் கொட்டிவிட்டுப் போகிறவன் அந்த ஊரில் இருக்கப் போகிறவன் அல்ல. இருக்கப் போகிறவன் பகலில் வந்து கேட்பான்.

விண்ணப்பத்தில் "முகவரி" என்ற இடத்தில் வாப்பா சிறிது நேரம் பேனையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவ்வளவு காலமும் எந்தப் படிவத்திலும் புத்தளம் என்றே எழுதிப் பழகியவர். பிறகு ஒழுங்கையின் பெயரை எழுதி, அதன் கீழே காங்கேசன்துறை என்று எழுதினார். அனுமதிக் கடிதமும் அதே முகவரிக்குத்தான் எழுதப்பட்டிருந்தது. மூன்று நாளுக்கு மட்டும் செல்லுபடியாகும் அந்தக் கடிதத்தை, காலம் முடிந்த பிறகும் வாப்பும்மா வீசவில்லை. 1990இல் மடியில் கட்டிக்கொண்டு வந்த காணி உறுதியோடு சேர்த்து வைத்திருக்கிறார்.