அரிச்சல்முனைக்குப் போகும் சாலை

மண்டபம் தாண்டியதும் சாலை ராமேஸ்வரம் தீவை நோக்கிக் கடல்மேல் ஏறிவிடுகிறது. 1988இல் திறந்த இந்தப் பாலத்தின் உச்சியில் வண்டியை நிறுத்தி இறங்கிப் பார்க்காத பயணி குறைவு. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. பக்கத்தில் ரயில் பாலம். 1914இல் கட்டிய பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. கப்பல் வந்தால் அதன் நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து இருபக்கமும் எழும்பும். ஆட்கள் நின்று கையால் இயக்கிய பாலம் அது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலமோ 72.5 மீட்டர் நீளப் பகுதியை மொத்தமாக மேலே தூக்கி வழிவிடுகிறது.

பாம்பன், தங்கச்சிமடம் இரண்டையும் பெரும்பாலோர் கண்ணாடி வழியே பார்த்தபடி கடந்துவிடுவார்கள். தங்கச்சிமடத்து மணலில் வளரும் மல்லிகை நாற்றுகள் வெளியூர்த் தோட்டங்களுக்குப் போகின்றன என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடத்தில் மட்டும் பேருந்துகள் வரிசையாக நிற்கும். கலாமின் தந்தை படகு வைத்திருந்தார். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்ரீகர்களை ஏற்றிச் சென்றது அந்தப் படகு. வருகிறவர்களை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இந்தக் கரைக்குப் புதியவை அல்ல.

ராமேஸ்வரத்தைத் தாண்டினால் வீடுகள் குறைகின்றன. இருபுறமும் சவுக்கு, உடைமரம், பிறகு வெறும் மணல். வடபக்கத்தில் நீர் தேங்கிய சேற்றுப் பரப்புகளில் பருவத்துக்குப் பூநாரைகள் வந்து இறங்கும். அவற்றுக்காகவே இங்கே ஒரு சரணாலயத்தைத் தமிழக அரசு 2025இல் அறிவித்தது. தெற்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. நடுவே ஒரு மெல்லிய மணல் நாக்கு, அதன்மேல் தார்ச்சாலை.

முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்தோடு சாலை முடிந்துவிடும். அதற்கப்பால் வேனும் ஜீப்பும்தான். எந்த இடத்தில் மணல் உள்வாங்கும், எப்போது தண்ணீர் ஏறும் என்று அறிந்த உள்ளூர் ஓட்டுநர்கள் ஆட்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு குலுங்கக் குலுங்கப் போவார்கள். 2017 ஜூலையில் மீதி ஒன்பதரை கிலோமீட்டருக்கும் சாலை திறந்தது. சென்னையில் புறப்பட்ட கார் அரிச்சல்முனை வரை டயரில் மணல் படாமல் போகலாம் என்றானது. வந்த கூட்டம் பெருகியது. வேன்காரர்களின் பிழைப்பு தளர்ந்தது. சாலை போட்டவர்கள் அவர்களுக்கு ஒரு மாற்று யோசித்திருக்க வேண்டும்.

இந்தச் சாலை கடக்கும் தனுஷ்கோடிக்கு ஒரு காலத்தில் உலகமே வந்து போனது. எழும்பூரில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு சேர்வார். போட் மெயில் என்பது அந்த ரயில் சேவையின் பெயர். நிலையம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், மருத்துவமனை, தேவாலயம், பள்ளி எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 இரவு புயலோடு எழுந்த கடல், பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையும் அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரையும் இழுத்துப் போனது. ஊரும் போனது. சேதமான பாம்பன் ரயில் பாலத்தை ஈ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் செப்பனிட்டார்கள். தனுஷ்கோடிக்கான தண்டவாளத்தை மட்டும் யாரும் திரும்பப் போடவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. 2019இல் ரயில் பாதைக்கு மீண்டும் அடிக்கல் நாட்டினார்கள். மாநில அரசு இசையவில்லை. அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

வாழத் தகுதியற்றது என்றார்களே, அங்கே மனிதர்கள் வாழ்கிறார்கள். இடிந்த தேவாலயத்தின் பவளக்கல் சுவர்களைச் சுற்றியும் கம்பிப்பாடு என்ற குடியிருப்பிலும் மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசை போட்டுத் தங்கியிருக்கின்றன. வாடைக்காற்று வீசினால் வடகடல் கொந்தளிக்கும், கச்சான் வீசினால் தென்கடல் கொந்தளிக்கும். எது அமைதியோ அந்தப் பக்கம் தொழிலுக்குப் போவார்கள். கரைவலை இழுக்கும்போது ஆண்களும் பெண்களும் சேர்ந்து கயிறு பிடிப்பார்கள். குடிதண்ணீருக்கு மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறி வருவதைப் பொறுமையாக மொண்டு குடத்தில் நிரப்புவார்கள். இரண்டு பக்கமும் உப்புக்கடல் இருக்க, மழைநீர் மணலுக்குள் தேங்கி நிற்பதால் கிடைக்கும் நன்னீர் அது. ஒரு வரம்புக்கு மேல் இறைத்தால் உப்பு ஏறிவிடும். தார்ச்சாலை திறந்த அந்த 2017இலும் இந்தக் குடிசைகளில் மின்கம்பியில் விளக்கு எரியவில்லை, சூரிய ஒளி விளக்குதான். சுற்றுலாவை வளர்ப்பது என்று பேசும் எவரும் இந்த ஊற்றுக் குழியின் ஓரத்தில் நின்று பேச வேண்டும். ஒரு விடுதி ஒரு நாளில் செலவழிக்கும் நீரை இந்த மணல் தாங்காது.

சாலையின் கடைசியான அரிச்சல்முனையில் ஒரு வட்டம், நடுவே அசோகத் தூண். அதற்கப்பால் மணல் திட்டுகள், கடல், சுமார் முப்பது கிலோமீட்டரில் தலைமன்னார். மாலையானதும் காவலர்கள் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்ச நேரம் இருக்கவிடக் கூடாதா என்று பலர் சலித்துக்கொள்வதுண்டு. அந்தக் கட்டுப்பாடு தளரவே கூடாது. ஆண்டின் தொடக்க மாதங்களில் இந்தக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. வனத்துறையினர் முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். கரையில் விளக்கு வெளிச்சம் பெருகினால் குஞ்சுகளுக்குக் கடலின் திசை தெரியாமல் போகும். ஆமைக்கு மட்டுமல்ல, ஆளுக்கும் ஆபத்து. 1964இல் கடல் ஏறிய அதே மணல்தான் இது. இரவு தங்குகிறவர்கள் ராமேஸ்வரத்தில் தங்கட்டும்; அங்கே அறைகளுக்குக் குறைவில்லை.

முனையில் வேண்டியது கட்டடம் அல்ல, கழிப்பறை. குப்பையை அன்றன்றே ஏற்றிப்போகும் வண்டி. அங்கே வாழும் குடும்பங்களுக்கே முதல் உரிமையாகத் தரப்படும் கடை அனுமதி. எல்லாவற்றுக்கும் முன்பாக அவர்களுக்குக் குழாய்த் தண்ணீர். இவை கோடிகளில் அறிவிக்கும் திட்டங்களைவிடச் சிறியவை. அதனாலேயே அறிவிப்பில் வருவதில்லை.

நீங்கள் போகும்போது உங்கள் தண்ணீரை நீங்களே கொண்டுபோங்கள், காலிப் பாட்டிலைத் திரும்ப எடுத்து வாருங்கள். பவளத் துண்டு என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள், சட்டம் அதைத் தடுக்கிறது. ஓலைக் கொட்டகையில் சுடச்சுடப் பொரித்துத் தரும் மீனைப் பேரம் பேசாமல் வாங்கிச் சாப்பிடுங்கள்.