மென்படலமும் வெப்பமும்

மட்பானை நீரைக் குளிர்விப்பது அதன் நுண்டுளைகளாலேயாகும். துளைவழியே கசியும் நீர் புறத்தே மென்படலமாய்ப் பரந்து ஆவியாகுகையில், உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. துளைகள் அடைபட்ட பழம்பானையில் நீர் அவ்வளவு குளிர்வதில்லை.

இவ்வியல்பையே வெப்பக்குழாய் என்னுங் கருவியும் பயன்கொள்கின்றது. 1963இல் அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தில் ஜோர்ஜ் குரோவர் இதனை இயக்கிக் காட்டினார். இன்று செய்மதிகளிலும் மடிக்கணினிகளிலும் இது பணிபுரிகின்றது. மூடிய குழாயின் சூடான முனையில் திரவம் ஆவியாகும். குளிர்ந்த முனையில் ஒடுங்கும். ஒடுங்கிய திரவத்தைச் சுவரையடுத்த நுண்டுளைத் திரி மயிர்த்துளைக் கவர்ச்சியால் மீண்டும் சூடான முனைக்கு இழுத்துவரும். பம்பி வேண்டியதில்லை. 100 பாகை செல்சியசில் ஒரு கிலோகிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2257 கிலோயூல் வெப்பம் வேண்டும்.

ஆயின், துளையினுள் திரவம் எங்கணும் ஒரேயளவில் ஆவியாவதில்லை. வளைந்த திரவப்பரப்பின் தடித்த நடுப்பகுதியூடே வெப்பம் எளிதிற் செல்வதில்லை. அதன் விளிம்பில், சில நனோமீற்றர் தடிப்பேயுடைய படலத்தையோ சுவரின் கவர்ச்சி இறுகப் பற்றியிருப்பதால் அது ஆவியாவதேயில்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒடுங்கிய பட்டையிலேயே ஆவியாதல் மிகுந்த வேகத்தில் நிகழ்கின்றது.

எளிதில் வற்றக்கூடியதும் அப்பட்டையே. திரவத்தின் வரவு பின்தங்கினால் சுவர் உலரும், வெப்பநிலை சடுதியாக உயரும், கருவி கெடும். எனவே, எவ்வளவு வெப்பத்தை அகற்றலாம் என்னும் வினா, எவ்வளவு விரைவில் திரவம் திரும்பிவரும் என்னும் வினாவாகவே முடிகின்றது. மெல்லிய படலம் பெரும்பணி ஆற்றுவது, அதனைப் பின்னின்று ஊட்டும் திரி ஓயாதிருக்கும்வரை மட்டுமே.