உப்பு ஜாடி வரை போன கை

சீனிக்கிழங்கு வெந்து ஆறியிருக்கிறது. அப்பத்தா தோலை உரிக்கிறார். நகம் பட்ட இடத்திலிருந்து தோல் நீளமாகக் கழன்று வருகிறது. உரித்ததைப் பேத்தி தட்டில் போட்டு டம்ளரின் அடியால் மசிக்கிறாள். பின்கட்டு வாசற்படியில், நிலையில் சாய்ந்தபடி நான். மாடியில் குடியிருக்கிறவர்களுக்கு இந்த வீட்டில் அந்தப் படியும் ஒரு டம்ளர் காப்பியும் எப்போதும் உண்டு. நான் பேச வேண்டிய தேவை இல்லை. பேச்செல்லாம் அவர்கள் இருவருக்கும் நடுவே தரையில் நீட்டிப் படுத்திருக்கும் வெள்ளையனைப் பற்றித்தான்.

வெள்ளையன் அசல் ராஜபாளையம் நாய். பால் நிறம், இளஞ்சிவப்பு மூக்கு. ஒடுங்கியிருக்க வேண்டிய வயிறு வயதாலும் தீனியாலும் சற்றுச் சரிந்திருக்கிறது. 2005இல் இந்திய அஞ்சல் துறை நம் நாட்டு நாய்களுக்கு நான்கு தபால்தலைகள் வெளியிட்டபோது, ஒன்றில் நின்றது இந்த இனம். ராஜபாளையம் ஊருக்கு அதில் பெருமை உண்டு. ஊர் அதிகம் பேசாத ஒன்றும் உண்டு: முழு வெள்ளையாகப் பிறக்கும் இந்தக் குட்டிகளில் சில காது கேளாமலே பிறக்கின்றன. தோலுக்கு நிறம் தரும் அதே உயிரணுக்கள் உட்காதுக்கும் வேண்டும். அங்கே அவை போய்ச் சேராவிட்டால் செவி செத்துவிடுகிறது. வெள்ளையன் தன் பெயரை ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அதைக் கூப்பிட அப்பத்தா குதிகாலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டுவார். அதிர்வு தெரிந்து தலை நிமிரும். அதற்குப் பிறகு எல்லாம் கைதான். உள்ளங்கை கீழே பார்த்தால் உட்கார வேண்டும். விரல்கள் மடங்கினால் வர வேண்டும். சொன்னதைச் செய்ததும் வாயில் ஏதாவது விழ வேண்டும். குரலால் கொஞ்ச முடியாத நாய்க்கு அந்தத் துண்டுதான் கொஞ்சல்.

இத்தனை வருடமும் அது பொறையாக இருந்தது. தாத்தா நாலு மணிக்கு டீக்கடையிலிருந்து காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவார். மைதா, சீனி, டால்டா. நம்மூர்த் தெருநாய் எதற்கும் பொறையின் வாசம் தெரியும். நாய்க்கென்று பிஸ்கட் சுடுகிற தொழிலே இப்படி ஒரு காட்சியில்தான் பிறந்தது என்பார்கள். 1860களில் லண்டனில் இருந்த ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர், மாலுமிகள் போட்ட காய்ந்த ரொட்டியைத் துறைமுகத்து நாய்கள் கடித்துத் தின்பதைப் பார்த்தாராம். பிறகு கோதுமை, காய்கறி, இறைச்சி சேர்த்து நாய்க்கென்றே ரொட்டி செய்து விற்கத் தொடங்கினார்.

வெள்ளையனை எடை பார்த்த டாக்டர் பொறையை நிறுத்தச் சொல்லிவிட்டார். பேத்தி திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். லீவுக்கு வந்த இடத்தில், பொறைக்குப் பதிலாக வீட்டிலேயே ஒன்று செய்யும் வேலையைக் கையில் எடுத்திருக்கிறாள்.

"கிழங்கையா திங்கும் நாயி?" என்கிறார் அப்பத்தா.

"ஓநாய்க்குத்தான் சிரமம். நம்மகூடவே இருந்து இதுக்கு மாவுச்சத்து செரிக்கப் பழகிருச்சு அப்பத்தா."

அவள் சொல்வது 2013இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் நாயின் மரபணுக்களையும் ஓநாயின் மரபணுக்களையும் ஒப்பிட்டுக் கண்டது. மனிதர்கள் விதைத்து அறுத்துத் தின்னத் தொடங்கிய காலத்தை ஒட்டி, மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு நாயிடம் பெருகியிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு இளகும். நம் வாசலில் காவல் கிடந்த பிராணி, நம் சோற்றை ஏற்பதற்காகத் தன் குடலையே மாற்றிக்கொண்டிருக்கிறது.

மசித்த கிழங்கு ஒரு கப். கேப்பை மாவு ஒரு கப். முட்டை ஒன்று. பேத்தி உடைத்து ஊற்ற, அப்பத்தா பிசைகிறார். மாவு விரல்களில் ஒட்டிப் பிறகு மெல்லத் திரள்கிறது. திரண்டதும் அவருடைய வலது கை தானாக எழுந்து பலகைமேல் இருக்கும் உப்பு ஜாடிக்குப் போகிறது. மூடியில் விரல் பட்டுவிட்டது.

"அப்பத்தா."

கை நிற்கிறது. "ஒரு துளி?"

"வேணாம். அதுக்கு வேண்டிய உப்பு கறியிலயும் சோத்துலயும் கிடைச்சிரும்."

அறுபது வருடமாக மாவைக் கண்டால் உப்பைத் தேடிய கை அது. கண்ணால் அளக்காமல், நாக்கால் பார்க்காமல், சரியாக அள்ளிப் போடும் கை. அது வெறுமனே திரும்பி வருகிறது. நாய்க்குச் சமைப்பதில் கடினமான பகுதி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. செய்முறையை ஒரு குழந்தை கற்றுக்கொள்ளும். நம் சமையலை மணக்க வைக்கும் ஒவ்வொன்றையும் எட்டி நிறுத்துவதற்குத்தான் மனம் வேண்டும்.

"பூண்டு ஒண்ணு தட்டிப் போட்டா உண்ணி அண்டாதும்பாகளே?"

பேத்தி நிமிர்கிறாள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் என்கிறாள். பச்சையாக இருந்தாலும் வதக்கியிருந்தாலும் பொடியாக இருந்தாலும் ஒன்றுதான். தின்ற அன்றைக்கே தெரியாது. சில நாள் கழித்து ஈறு வெளுக்கும், நாய் சோர்ந்து படுக்கும். யாருக்கும் அன்று போட்ட கறிக்குழம்புச் சோறு நினைவுக்கு வராது.

"கிஸ்மிஸ், திராட்சை அறவே கூடாது. கிட்னி போயிரும்."

"அதெல்லாம் யாரு இங்க நாய்க்குப் போடுறா?"

"புளியும்தான் அப்பத்தா."

அப்பத்தாவின் கை மாவுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. திராட்சையில் எது நாய்களைக் கொல்கிறது என்பது நெடுநாள் பிடிபடாமல் இருந்தது. பிள்ளைகள் விளையாட வீட்டில் பிசைந்த மாவைத் தின்ற ஒரு நாய் சிறுநீரகம் கெட்டு வந்தபோது, அந்த மாவில் கலந்திருந்த டார்டார் உப்பை வைத்து அமெரிக்காவின் விலங்கு நச்சு மைய மருத்துவர்கள் நூல் பிடித்தார்கள். குற்றவாளி டார்டாரிக் அமிலமாக இருக்க வேண்டும் என்று 2021இல் எழுதினார்கள். திராட்சையில் இருக்கும் அந்த அமிலம் புளியில் நிறைய உண்டு. புளி தின்று சிறுநீரகம் கெட்ட நாய்களைப் பற்றியும் பதிவுகள் வந்தன.

"அப்ப நான் ஊத்துன ரசஞ்சோறு?"

குரல் இறங்கிவிட்டது. பேத்தி மாவுக் கையோடு அவர் முழங்கையைப் பிடிக்கிறாள். "தண்ணி ரசம், கொஞ்சூண்டு. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தாருல்ல, கிட்னி நல்லாருக்கு. இனிமே வேணாம், அவ்வளவுதான்."

அப்பத்தா குனிந்து வெள்ளையனைப் பார்க்கிறார். அது மூக்கை மட்டும் ஆட்டுகிறது. கிழங்கின் இனிப்பு அதற்கு எட்டியிருக்கும். பூனைக்கு இனிப்பு தெரியாது, நாய்க்குத் தெரியும்.

அடுத்து நிலக்கடலை. கடையில் விற்கும் கடலை வெண்ணெயில் சிலவற்றில் சீனிக்குப் பதிலாகச் சைலிட்டால் சேர்க்கிறார்கள். மனிதருக்குத் தீங்கில்லை, நாய்க்குச் சர்க்கரை மளமளவென்று இறங்கும், ஈரலும் கெடும். அதனால் வீட்டிலேயே வறுத்து அரைக்கலாம் என்கிறாள் பேத்தி. இங்கே அப்பத்தாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முறத்தில் பரப்புகிறார். சூம்பியது, கருத்தது, முனையில் பச்சை பூத்தது எல்லாம் விரல் நுனியில் தெறித்து ஓரத்துக்குப் போகின்றன. ஒன்றைக் கடித்துப் பார்த்து, கசப்பு, துப்புகிறார்.

"இதைத்தான் எங்க வாத்தியார் ஒரு மணி நேரம் நடத்துனாரு," என்கிறாள் பேத்தி. பூஞ்சை பிடித்த கடலையில் ஊறும் அஃப்ளாடாக்சின் நஞ்சுக்கு மற்றப் பிராணிகள் பலவற்றைவிட நாயின் ஈரல் விரைவில் பணிந்துவிடும். அப்பத்தாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. முறத்தில் மிஞ்சிய கடலை சுத்தமாக இருக்கிறது. எண்ணெய் விடாமல் வறுத்து, தோல் ஊதி, அரைத்து, ஒரே ஒரு கரண்டி மாவில் சேர்கிறது.

சப்பாத்திப் பலகையில் மாவைத் தேய்த்து, மருந்துப் புட்டி மூடியால் அழுத்தி வில்லை வில்லையாக எடுக்கிறார்கள். ஓவன் கிடையாது, தேவையும் இல்லை. தோசைக்கல்லில் துளி எண்ணெய்கூடத் தடவாமல், தீயைச் சிம்மில் வைத்து, மேலே குழிந்த மூடி. ஒரு பக்கம் பத்து நிமிடம். திருப்பினால் கேப்பை நிறம் கருத்து, ஓரம் இறுகியிருக்கிறது. அடுப்பை அணைத்த பிறகும் கல்லின் சூட்டிலேயே கிடந்தால் ஈரம் வற்றி மொறுமொறுக்கும். வெள்ளையனின் பல்லுக்கு அவ்வளவு வேண்டாம் என்று அப்பத்தா முதல் ஈட்டைச் சீக்கிரமே எடுத்துவிடுகிறார்.

நாற்பத்தைந்து வில்லை. பேத்தி பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போடுகிறாள். வெள்ளையனுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,000 கலோரி. தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வில்லை ஒன்றுக்குச் சுமார் 15 கலோரி.

"ஆறு. அதுக்கு மேல ஒண்ணு குடுத்தாலும் சோத்துல குறைக்கணும். வெளிய வச்சா இந்த வெக்கைக்கு ஒரு நாள் தாங்கும். பிரிட்ஜில அஞ்சு நாள். மிச்சத்தை ப்ரீசர்ல போட்டுரு."

"ஈரல் போட்டுச் செய்யலாமா தாயி? அதுன்னா உசுரு அதுக்கு."

"செய்யலாம், எப்பவாச்சும். நித்தம் குடுத்தா வைட்டமின் ஏ கூடிரும், எலும்பைக் கெடுக்கும்."

அப்பத்தா தலையாட்டுகிறார். ஆறிய வில்லை ஒன்றை எடுத்து உள்ளங்கையைக் கீழே காட்டுகிறார். வெள்ளையன் எழுந்து உட்காருகிறது. வில்லை போகிறது. ஓசைப்பட மென்று, தரையில் விழுந்த துகளை நக்கி, மறுபடி அதே இடத்தில் நிமிர்ந்து உட்காருகிறது. கேட்காமலே செய்துகாட்டுகிறது. அப்பத்தா சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் விரித்துக் காட்டுகிறார்: இல்லை, அவ்வளவுதான்.

முன்வாசல் கதவு திறக்கிறது. நாலு மணி. தாத்தா காகிதப் பொட்டலத்தோடு அடுப்பங்கரை வரை வந்து, தட்டில் பரப்பிய வில்லைகளைப் பார்த்துவிட்டு, பொட்டலத்தை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறார். டாக்டர் சொன்னது அவருக்கும் தெரியும். கால் பழக்கத்தில் டீக்கடைக்குப் போயிருக்கிறது.

"இதை நீங்க டீல முக்கிச் சாப்பிடுங்க," என்று அப்பத்தா பொட்டலத்தை வாங்கி அலமாரியில் வைக்கிறார்.

"அப்ப நான் என்னத்தக் குடுக்க?" என்கிறார் தாத்தா. கோபமில்லை. நாலு மணி அவருடையதாக இருந்தது, அதைத்தான் கேட்கிறார்.

அப்பத்தா தட்டிலிருந்து எண்ணி எடுக்கிறார். இரண்டைச் சின்ன டப்பாவில் போட்டு அடுப்பு மேடை ஓரமாக நகர்த்துகிறார், காலைக்கு. இப்போது கொடுத்தது ஒன்று. ராத்திரிக்கு ஒன்றை மூடி வைக்கிறார். மிச்சம் இரண்டு. அவற்றைத் தாத்தாவின் சட்டைப் பையிலேயே போட்டு, "நாலு மணிக்கு உள்ளது உங்க கைதான்" என்கிறார்.

தாத்தா குதிகாலால் தரையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு முற்றத்துக்கு நடக்கிறார். வெள்ளையன் அவர் சட்டைப் பையை முகர எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே கூடப் போகிறது. பேத்தி தோசைக்கல்லில் அடுத்த ஈடு போடுகிறாள்.