வடக்கே ஒரு காட்டுப் பயணம்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், லயத்து வாசலில் நின்று தூரத்து மலையைப் பார்த்து, "அங்கே என்னதான் இருக்கும்?" என்று ஒரு முறையாவது கேட்டிருப்பீர்கள். மெர்சிங் வட்டாரத்தில் முப்பது வருடம் பால் வெட்டிய என் அப்பாவும் கேட்டவர்தான். அந்த மலைக்காடு, ஜொகூரின் வட எல்லையில் உள்ள எண்டாவ் ரொம்பின். 1985இல் மலாயா இயற்கைக் கழகத்தார் அங்கே ஆராய்ச்சிப் பயணம் போன செய்தியை எனக்குப் படித்துக் காட்டியவரே அவர்தான். 1993இல் ஜொகூர்ப் பகுதி தேசியப் பூங்காவாயிற்று. அப்பாவுக்குத்தான் போக வாய்க்கவில்லை.

அவருக்கு 78 வயதானபோது, தீபாவளி விடுமுறையில் அழைத்துப் போவதென்று நானும் மச்சானும் தீர்மானித்தோம்.

காட்டுப் பயணம் என்பது கோலாலம்பூருக்குப் பஸ் ஏறுவது போலவா? மெர்சிங்கிலிருந்து ஜமாலுவாங் வழியாகக் காஹாங் போய், வடக்கே திரும்பினால் சுமார் 56 கிலோமீட்டர் காட்டுப்பாதை. அதன் முடிவில் ஜாக்குன் பூர்வகுடியினரின் பேத்தா கிராமம். சாதாரணக் கார் சேற்றில் புதைந்துவிடும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வேண்டும். பூங்கா அனுமதியை முன்கூட்டியே வாங்கினோம். அரிசி, கருவாடு, அட்டை ஏறாமலிருக்க நீளக் காலுறை, அப்பாவின் சீனி வியாதி மருந்து இரு பங்கு என்று எல்லாம் கட்டி வைத்தோம். திரும்பும் நாளைப் பக்கத்து வீட்டில் எழுதியும் கொடுத்தோம்.

புறப்பட இரண்டு நாள் இருக்கையில் மழை பிடித்துக்கொண்டது. விடிய விடிய ஓயவில்லை.

"லீவு போட்டாச்சு. அடுத்த வருஷம் மாமாவுக்கு..." என்று மச்சான் பாதியில் நிறுத்திக்கொண்டார். என் மனத்திலும் அதே பயந்தான்.

அப்பா காதில் விழுந்துவிட்டது. "மழையில மரம் வெட்டினா மங்குல தண்ணிதான் நிக்கும். அன்னைக்குக் கூலி இல்லேன்னு தெரிஞ்சும் வீட்டுலதானே இருந்தோம்? ஆறு ஏறினா நடுவுல மாட்டிக்குவோம். பிள்ளைங்களும் வருதுங்க. வேணாம்" என்றார். கட்டிய மூட்டையை அவரே பிரித்தார்.

தவறு மழையுடையதன்று, வாசகர்களே. கிழக்குக் கரையில் ஆண்டுக் கடைசி என்றால் அடைமழை என்பது மெர்சிங்கில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாங்களோ லீவு கிடைக்கும் மாதத்தைப் பார்த்தோமே தவிர, பாதை காய்ந்திருக்கும் மாதத்தைப் பார்க்கவில்லை.

இப்போது சித்திரைக்குத் திட்டம் போட்டிருக்கிறோம். லீவுக்கு இன்றே எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்பா தினமும் பசியாறிவிட்டு வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிறார். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், தீபாவளி வரட்டும் என்று காத்திராதீர்கள்.