மலேசியப் பயணம் – 6: கிள்ளான் பட்டறையில் ஒரு மெட்டடார்

பத்துமலைப் படிகளையும் இரட்டைக் கோபுரங்களையும் இந்தத் தொடரில் எதிர்பார்த்திருக்கும் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் பார்த்தேன். அவற்றைப் பற்றி எழுதாதவர்களே இல்லை. இந்த வாரம் முழுக்க ஒரு லாரியைப் பற்றித்தான். திருச்செங்கோட்டில் லாரிப் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவள் நான். கிள்ளானில் அந்த வண்டியைப் பார்த்த பிறகு கோலாலம்பூரின் கண்ணாடிக் கட்டடங்கள் எதுவும் மனதில் தங்கவில்லை.

துப்பு கிடைத்தது கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில். தங்கியிருந்த விடுதிக்கு எதிரே ஒரு வடைக் கடை. பக்கத்தில் உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டிருந்த பெரியவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரிக்பீல்ட்ஸே ரயில்வேக்காரர்கள் வளர்த்த பேட்டைதான். யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் குமாஸ்தாக்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் வந்தார்கள். நம் பக்கத்துக்காரர்கள் தண்டவாளத்துக்கும் பட்டறைக்கும் வந்தார்கள். எங்கள் ஊரைப் பற்றிச் சொன்னதும் பெரியவர் கண் விரிந்தது. “லோரி ஊரா? அப்ப நீங்க கிள்ளானுக்குத்தான் போகணும். என் மச்சினன் பட்டறையில வெள்ளைக்காரன் காலத்து ஆர்மி லோரி ஒன்னு இன்னும் உயிரோட இருக்கு” என்றார். அங்கேயே போனும் போட்டுச் சொல்லிவிட்டார். முன்பின் தெரியாத ஒருத்திக்காக ஒரு முழு மாலையைச் செலவழித்த அந்த மனிதர், தேநீருக்குக்கூட என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

கே.எல். சென்ட்ரலில் இருந்து கிள்ளானுக்குக் கொமுட்டர் ரயில். சிலாங்கூரில் முதன்முதலாக ரயில் ஓடியது இந்தத் தடத்தில்தான். 1886இல் கோலாலம்பூரில் இருந்து கிள்ளான் ஆற்றுக்கு இந்தப் பக்கம் புக்கிட் கூடா வரை வந்தது. 1890இல் ஆற்றைக் கடந்து கிள்ளானுக்குள் போனது. பெண்களுக்குத் தனிப் பெட்டி உண்டு, சுத்தமாகவும் இருக்கிறது. குளிர்சாதனத்தைத்தான் பற்கள் கிட்டும் அளவுக்கு வைக்கிறார்கள்.

பட்டறை, காப்பார் சாலையில் இருந்து உள்ளே திரும்பும் ஒரு மண்பாதையில், எண்ணெய்ப்பனைகளுக்கு நடுவே இருந்தது. இங்கே மெக்கானிக்கைப் ‘போமன்’ என்கிறார்கள். இந்தப் போமன்தான் பெரியவரின் மச்சினன், எழுபதைத் தாண்டிய மனிதர். சட்டைப்பையில் ஒரு கண்ணாடி, காதில் ஒரு பென்சில். “வாங்க தங்கச்சி, சாப்டாச்சா?” என்றார். நான் முதலில் கவனித்தது தரையை. எண்ணெய் சிந்திய இடத்தில் மரத்தூள் தூவிப் பெருக்கியிருந்தார்கள். பழைய டயர்கள் ஒன்றுகூட வெயிலில் கிடக்கவில்லை, எல்லாம் கூரைக்குள். டயரில் மழைநீர் தேங்கி டெங்கிக் கொசு வளர்ந்தால் சுகாதார இலாகா அபராதம் போட்டுவிடும். நம் ஊர்ப் பட்டறை வாசல்களில் தண்ணீரோடு குவிந்து கிடக்கும் டயர்களை நினைத்தபோது எனக்குக் கோபமே வந்தது. இந்த ஒரு சட்டத்தையாவது நாம் கடுமையாக நடைமுறைப்படுத்தக் கூடாதா?

கூரையின் கடைசியில் நின்றது அந்த வண்டி: ஏஇசி மெட்டடார். நம் ஊரில் ஓடிய மெட்டடார் வேனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது லண்டனுக்கு மேற்கே சவுத்தாலில், லண்டன் பேருந்துகளைக் கட்டிய அதே கம்பெனி 1938 முதல் பீரங்கி இழுப்பதற்காகக் கட்டிய நான்கு சக்கர இயக்க லாரி. சுமார் 9,000 வண்டிகள் வெளிவந்தன. ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின், 95 குதிரைத்திறன். இன்றைக்கு ஒரு சாதாரணக் காரே இதைவிட அதிகம் வைத்திருக்கிறது. ஆனால் அந்தத் திறன் முழுவதும் மெதுவாக, அடிமட்டத்தில், இழுப்பதற்கென்றே வருகிறது. நடுச்சட்டத்தில் ஏழு டன் இழுக்கும் வின்ச். போர் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட மெட்டடார்களை வாங்கியவர்கள் அதனால்தான் பின்னால் ஒரு கிரேன் கையை வைத்து, கவிழ்ந்த பேருந்தையும் லாரியையும் தூக்கும் மீட்பு வண்டியாக மாற்றிக்கொண்டார்கள். ராணுவத்துக்கு மீட்பு வண்டியாகவே கட்டப்பட்ட ரகம் ஸ்கேமல் பயனியரில் உண்டு. விலைக்கும் எளிமைக்கும் பட்டறைக்காரர்கள் விரும்பியது மெட்டடாரைத்தான்.

நமக்கும் இதற்கும் ஓர் உறவு உண்டு. 1962இல் ஏஇசி கம்பெனியை லேலண்ட் வாங்கிக்கொண்டது. எண்ணூரில் நம் அசோக் லேலண்டுக்குக் கூட்டாளியாக இருந்த அதே லேலண்ட்தான். சவுத்தால் தொழிற்சாலை 1979இல் மூடப்பட்டது. அன்றிலிருந்து உதிரி பாகத்துக்கு அம்மா வீடு கிடையாது. ஒன்று இன்னொரு வண்டியில் இருந்து கழற்ற வேண்டும், இல்லை கடைசல் பட்டறையில் புதிதாகச் செய்ய வேண்டும்.

போமன் அண்ணன் வண்டிக்கு அடியில் அட்டையை விரித்துப் படுத்து, என்னையும் படுக்கச் சொன்னார். சட்டத்தைச் சின்னச் சுத்தியால் தட்டிக்கொண்டே போனார். கணீரென்று வந்தால் இரும்பு நலம், மொத்தென்று வந்தால் உள்ளே துரு தின்றிருக்கிறது. கடல் பக்கத்து ஊர் என்பதால் ரிவெட்டுகளைச் சுற்றித்தான் முதலில் பிடிக்குமாம். பிறகு டீசல் குழாய் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். ரப்பர் ஊதிப்போய், விரலால் அழுத்தினால் பிசின் மாதிரி ஒட்டியது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் விற்கும் டீசலில் பத்தில் ஒரு பங்கு பனையெண்ணெயில் இருந்து எடுத்தது. பழங்காலத்து ரப்பர் குழாய்களுக்கும் வாஷர்களுக்கும் அது ஆகாது. “எங்க தாத்தா பால் வெட்டுன தோட்டம் இது. ரப்பரைப் பிடுங்கிட்டுப் பனை வச்சான். இப்ப பனை வந்து லோரியில இருக்கிற ரப்பரையும் தின்னுது” என்றார். அதனால் எல்லாக் குழாய்களையும் புதிய ரகத்துக்கு மாற்றியிருக்கிறார். காற்று பிரேக் தொட்டியின் அடியில் ஒரு சின்னக் குழாய். தினமும் காலையில் அதைத் திறந்து நீரை வடிக்காவிட்டால், இந்த ஊர் ஈரக்காற்றுக்குத் தொட்டி உள்ளிருந்தே அரித்துவிடும். பழைய பிரேக் லைனிங்குகளில் கல்நார் உண்டு. அதைக் கழற்றும்போது காற்றடித்து ஊதவே கூடாது, ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும் என்று கையாளிடம் கத்திக்கொண்டே இருந்தார். அந்தக் கத்தல் எனக்குப் பிடித்திருந்தது.

பதினொரு மணிவாக்கில் தவுக்கே (முதலாளி) வந்தார். வண்டியின் சொந்தக்காரர், கிள்ளான் சீனர். வந்த வேகத்திலேயே சண்டை.

மெட்டடாரின் முன்கூண்டு பார்க்க இரும்பாக இருந்தாலும் உள்ளே மரச்சட்டம். அதன் மேல்தான் தகடு. இங்கிலாந்தில் போட்ட மரம் இந்த ஊர் மழைக்கும் கரையானுக்கும் எப்போதோ மண்ணாகிவிட்டது. போமன் அண்ணன் அதே அளவுக்கு மெர்பாவ் மரத்தில் புதுச்சட்டம் இழைத்துக்கொண்டிருக்கிறார். ஆகஸ்ட் 31 சுதந்திர தினத்துக்குள் வண்டிக்குப் பச்சை வர்ணம் அடித்துத் தன் கடை வாசலில் நிறுத்த வேண்டும் என்பது தவுக்கேயின் ஆசை. “ஆங்கிள் இரும்பை வெல்டிங் வச்சு முடி. வெளியில் யாருக்குத் தெரியும்?” என்பது அவர் கட்சி. “வாசலில் நிற்க வைக்கிறதுக்கு இரும்பு போதும். இழுக்கும்போது சட்டம் முறுகும். மரம் கொடுத்து வாங்கும், வெல்டிங் விட்டுப்போகும். நான் இதை நிற்க வைக்கச் செய்யவில்லை” என்பது இவர் கட்சி. மலாயில் ஆரம்பித்த சண்டை ஹொக்கியனுக்குத் தாவியது. கையாள் பையன் காதோரமாக எனக்குத் தமிழாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தான். தவுக்கே தொப்பியைக் கழற்றி மேசையில் அடித்தார். அண்ணன் பென்சிலை எடுத்து மரத்தில் கோடு போட ஆரம்பித்துவிட்டார். அதற்கு மேல் அவர் பேசவே இல்லை.

நான் அண்ணன் பக்கம்தான். வழியில் ஓர் ஊரில் இப்படி நிறுத்தி வைத்த ராணுவ லாரி ஒன்றைப் பார்த்தேன். பளபளவென்று வர்ணம். சக்கரத்தில் காற்றில்லை, எஞ்சின் இருந்த இடத்தில் செடி முளைத்திருந்தது. அது வண்டியின் தோல் மட்டுமே.

மதியம் அண்ணி டிபன் கேரியர் அனுப்பினார். சோறு, சூரைக் கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, பெட்டாய்க் கொட்டையும் நெத்திலியும் போட்ட சம்பால். அந்தப் பெட்டாய் வாசனை பிடிபடக் கொஞ்ச நேரமாகும், பிடிபட்டால் விடாது. கருவாட்டுக் குழம்பில் புளிக்குப் பதில் அசாம் கெப்பிங் போட்டிருந்தார்கள். புளிப்பு நாக்கில் ஏறாமல் தொண்டையில் இறங்கியது. காலையில் தொப்பியால் மேசையை அடித்த தவுக்கே அதே மேசையில் உட்கார்ந்து, எங்களோடு கையால் பிசைந்து சாப்பிட்டார். முப்பது வருடமாக இப்படித்தானாம். சாப்பிட்டுக் கை கழுவியதும் பையில் இருந்து வெள்ளி (ரிங்கிட்) நோட்டுகளை எண்ணி, “மரத்துக்கு” என்று வைத்துவிட்டுப் போனார். பணம் கொடுக்கும் விதத்தில் ஒரு மரியாதை உண்டு. மலேசியாவில் நான் பார்த்த மரியாதைகளில் அது முதலாவது.

பிற்பகலில் எனக்காக வின்ச்சை ஓட்டிக் காட்டினார்கள். செத்துக் கிடந்த ஒரு டேங்கர் லாரியைச் சேற்றில் இருந்து எடுக்க வேண்டும். முதலில் கம்பி வடம் முழுவதையும் உருவிப் போட்டு, ஒரு கந்தலைச் சுற்றிப் பிடித்தபடி நடந்தார் அண்ணன். எங்கே கந்தல் மாட்டுகிறதோ அங்கே ஒரு இழை அறுந்து சிலும்பி நிற்கிறது. அந்த இடத்தில் சுண்ணாம்பால் அடையாளம். பிறகு டேங்கரில் ஒரு கப்பியை மாட்டி, வடத்தை அதில் சுற்றி மறுபடி மெட்டடாருக்கே கொண்டுவந்து கட்டினார்கள். இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். வடத்தின் நடுவில் ஈரச்சாக்கைப் போட்டார்கள். அறுந்தால் பறக்கும் கம்பியின் வேகத்தை அது அடக்கும். எல்லோரையும் வடத்தின் நீளத்துக்கு அப்பால் போய் நிற்கச் சொல்லி, ஒவ்வொருவரையும் கண்ணால் எண்ணிய பிறகே ஏறினார்.

எஞ்சின் சத்தம் ஏறவே இல்லை. வடம் மட்டும் இறுகிக் கிண்ணென்று ஒலித்தது. ஒரு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சேறு வாயைப் பிளந்தது போலச் சத்தம் போட்டு டேங்கரை விட்டது. என்னையறியாமல் கை தட்டினேன்.

இந்த மண்ணுக்கும் மீட்பு வண்டிக்கும் உள்ள கணக்கு பழையது. 1945 செப்டம்பர் 9ஆம் தேதி, ஜப்பான் சரணடைந்த பிறகும் திட்டமிட்டபடியே, ஆங்கிலேயரின் இந்தியப் படைப்பிரிவுகள் கிள்ளானுக்குத் தெற்கே மோரிப் கடற்கரையில் இறங்கின. எதிர்க்க யாரும் இல்லை, மணல்தான் எதிர்த்தது. இளகிய கரையில் வண்டிகள் வரிசையாகப் புதைந்தன. போய்ப் பார்த்தேன். ஒரு நினைவுக்கல் இருக்கிறது. குடும்பங்கள் மீன் வறுவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தன. போரும் அதன் பிறகு 1948 முதல் 1960 வரை நீண்ட மலாயா அவசரகாலமும் விட்டுப்போன ராணுவ லாரிகள் மலேசியக் காடுகளுக்குள் போய், வின்ச் பூட்டி, மரக்கட்டை இழுத்தன. ‘சான் தாய் வோங்’ என்று பெயர் எடுத்த அந்த வண்டிகளில்தான் போமன் அண்ணன் பையனாக வேலை பழகினார். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் ஸ்ரீ மூடா கழுத்தளவு நீரில் நின்றபோது, உயரமான லோரி ஒன்றை எடுத்துக்கொண்டு போய் ஆட்களை ஏற்றியதையும் சொன்னார். அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஒரு கசப்பையும் எழுதியாக வேண்டும். மறுநாள் ஒரு பழைய சாமான் கடையில் ஏஇசியின் நீல முக்கோண முத்திரை ஒன்றைக் காட்டி, ராணுவ லாரியில் இருந்து கழற்றியது என்று சத்தியம் செய்து 180 வெள்ளி வாங்கிக்கொண்டான் கடைக்காரன். தமிழன்தான், “அக்கா” என்றுதான் கூப்பிட்டான். போமன் அண்ணன் அதைத் திருப்பிப் பார்த்து, திருகாணித் துளையைக் காட்டினார். ஒரு திருகாணியும் என்றும் ஏறாத துளை. விளிம்பில் அரத்தின் கீறல் புதிதாக மின்னியது, நீலம் வெறும் பெயிண்ட். பழைய வண்டிகள் மேல் உள்ள பிரியத்தைக் காசாக்கும் கூட்டம் எல்லா ஊரிலும் வளர்கிறது. வாங்கப் போகிறவர்கள் துளையைப் பாருங்கள்.

கிளம்பும் முன் அண்ணன் ஒரு நோட்டைக் காட்டினார். வின்ச்சுக்கு எந்த எண்ணெய், எந்த ஆண்டு எந்த பேரிங், எந்த வண்டியின் பாகம் இதற்குப் பொருந்தும் என்று எல்லாம் தமிழில், படத்தோடு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்த கையெழுத்து. கையாள் பையன் அதைப் பார்த்துத்தான் வேலை பழகுகிறான்.

திருச்செங்கோடு, சங்ககிரி, நாமக்கல் பட்டறைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். ராணுவம் கழித்த மீட்பு வண்டி ஏதாவது உங்கள் ஏலத்தில் விழுந்தால் உடனே உடைத்துக் கிலோக் கணக்கில் போடாதீர்கள். ஒன்றையாவது ஓடும் நிலையில் வையுங்கள். அதை ஓட்டிய பெரியவர் இருக்கும்போதே, அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வாங்குங்கள்.

(தொடரும்)